பெரிய பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்: திம்பம் ஏறுகிற குடும்பத்துக்கு எந்தச் சின்ன வண்டி?

தடப்பள்ளிக்காரன் (கோபி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோபி பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். வீட்டில் நான், மனைவி, எட்டு வயதுப் பையன், அப்பா, அம்மா என ஐந்து பேர். போன வருடம் அப்பாவுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. இப்போது நன்றாகவே நடக்கிறார். ஆனால் கிளட்ச் மிதித்தால் பத்தாவது நிமிடம் வலி பிடித்துக்கொள்கிறது. நாற்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன், சந்தைக்குப் போவதற்கும் என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு தாங்கவில்லை. பழைய வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, துண்டால் துடைத்து, திரும்பவும் அங்கேயே மாட்டுகிறார். அடுத்த வண்டி ஆட்டோமேட்டிக்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு முக்கால் கிலோமீட்டர் இட்டேரி, வேலிகளுக்கு நடுவே போகிற குறுகலான பாதை. எதிரே டிராக்டர் வந்தால் ரிவர்ஸ்தான். அதனால் நீள வண்டி சரிப்படாது, நாலு மீட்டருக்குள் இருக்க வேண்டும். அம்மா பிறந்த ஊர் தாளவாடி. மாதம் இரண்டு தடவையாவது திம்பம் மலைப்பாதையில் ஏறுவோம். ஐந்து பேர், ஏசி, திரும்பும்போது டிக்கியில் முட்டைக்கோஸ் மூட்டை.

நண்பரின் 1.2 லிட்டர் ஏஎம்டி (மேனுவல் பெட்டியில் கியரைத் தானாக மாற்றுகிற வகை) வண்டியைப் பண்ணாரி தாண்டி ஓட்டிப் பார்த்தேன். வளைவின் நடுவில், சரியாக இழுக்க வேண்டிய இடத்தில், கியர் மாற்றுவதற்கு ஒரு மூச்சு நேரம் நின்றுவிடுகிறது. பின்னால் லாரி ஒட்டிக்கொண்டு வரும்போது அந்த ஒரு மூச்சே எனக்கு வியர்த்துவிட்டது. இந்த நேரத்தில் ஈரோட்டில் தெரிந்தவர் ஒருவர் தன் 2017 ஹூண்டாய் எலைட் ஐ20, 1.4 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைக் கொடுப்பதாகச் சொல்கிறார். ஒரே ஓனர், 46,000 கிலோமீட்டர். இதை எடுக்கலாமா, இல்லை கூடக் காசு போட்டுப் புதிதாக 1.2 சிவிடியோ (பெல்ட்டில் ஓடுகிற ஆட்டோமேட்டிக்) டர்போவோ (காற்றை அமுக்கி அனுப்புகிற எஞ்சின்) எடுக்கலாமா? மலையில் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ஆழியாறு (பொள்ளாச்சி)

அண்ணா, அதே வண்டி எங்கள் வீட்டில் 2017 முதல் இருக்கிறது. 1368 சிசி, 100 பிஎஸ் (குதிரைத்திறன்), நாலு கியர் டார்க் கன்வெர்ட்டர், அதாவது கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்துகிற ஆட்டோமேட்டிக். 2016 கடைசியில் விற்பனைக்கு வந்தது. 2018-ல் 1.2 சிவிடி வந்ததும் இதை எடுத்துவிட்டார்கள். மேக்னா என்ற ஒரே வகையில்தான் கொடுத்தார்கள். அதனால் ரோட்டில் அதிகம் பார்க்க முடியாது.

எங்களுக்கு வால்பாறையில் உறவு. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. வண்டியைக் கீழ்க்கியரில் நிறுத்தி வைத்துவிட்டால் அது பாட்டுக்கு ஏறும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட் பக்கம் வரையாடுகள் ரோட்டிலேயே நிற்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். போன மாதம் ஒரு கிடா நடு ரோட்டில் நின்று எங்களையே பார்த்தது. ஏற்றத்தில், ஐந்து பேரோடு நிற்கிறோம். அது நகர்ந்ததும் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் ஒரு விரல்கடை கூட வரவில்லை, முன்னால்தான் நகர்ந்தது. எனக்கு இந்த வண்டியில் பிடித்தது அதுதான்.

நாலே கியர் என்பதால் நூறில் போகும்போது எஞ்சின் சத்தம் உள்ளே கேட்கும். பொள்ளாச்சி டவுனுக்குள் லிட்டருக்கு 10, கோவை ரோட்டில் 14 கிடைக்கிறது. மைலேஜ்தான் முக்கியம் என்றால் இது வேண்டாம்.

நூல்மில் ரோடு (திருப்பூர்)

தம்பி, நான் டர்போ வண்டி ஓட்டுகிறேன், ஐ20 1.0 லிட்டர், ஏழு கியர் டூயல் கிளட்ச். தினமும் திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். சிசி கூட இருந்தால்தான் இழுக்கும் என்று நினைத்துக்கொண்டு தேட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் பார்க்கும் 1.4 எஞ்சினின் இழுவிசை 132 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது. என்னுடைய 998 சிசி எஞ்சினுக்கு 172 நியூட்டன் மீட்டர், அது 1500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். மிதித்தவுடன் வருவதற்கும், எஞ்சினைக் கத்த வைத்து வாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று, உயரம் போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். டர்போ காற்றை அமுக்கி உள்ளே அனுப்புவதால் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

பட்டறை (ஆவாரம்பாளையம்)

திருப்பூர் அம்மிணி சொன்ன கணக்கு சரி. எஞ்சினைப் பொறுத்தவரை அதில் மறுப்பு இல்லை. ஆனால் சக்கரத்துக்குப் போய்ச் சேர்வது எஞ்சின் இழுவை மட்டும் இல்லை, நடுவில் கியர்பாக்ஸ் இருக்கிறது. கோபித் தம்பிக்கு வேண்டிய பதில் அங்கேதான் இருக்கிறது. இருபது வருடமாக இந்தப் பெட்டிகளைத்தான் கழற்றி மாட்டுகிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏஎம்டி என்பது நம் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் தள்ளுவதையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. மாற்றும்போது இழுவை அறுந்துதான் சேரும். தம்பி வளைவில் உணர்ந்தது அதுதான். விலை குறைவு, மைலேஜ் உண்டு, டவுனுக்கு நல்ல வண்டி. ஏற்றத்தில் இதை ஆக்சிலரேட்டரில் தாங்கி நிறுத்தாதீர்கள், கிளட்ச் தேய்ந்துவிடும்.

சிவிடியில் இரண்டு புல்லி, நடுவே ஸ்டீல் பெல்ட். புல்லிகள் விரிந்து சுருங்க, விகிதம் வழுவழுவென்று மாறும். கியர் மாறுகிற உதறலே இருக்காது. மலையில் மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் உயர்ந்து நிற்கும், வேகம் மெதுவாகத்தான் வரும். அதற்குப் பழகியவர்களுக்கு அது குறை இல்லை.

டூயல் கிளட்சில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒன்று. அடுத்த கியர் தயாராகக் காத்திருக்கும், அதனால் ரோடு காலியாக இருந்தால் இதைப்போல் சுகம் இல்லை. இதில் இரண்டு ஜாதி. கிளட்ச் ஆயிலில் முங்கி இருப்பது வெட், காற்றில் மட்டும் ஆறுவது டிரை. நான் ஒரு டிரை கிளட்ச் வண்டி வைத்திருந்தேன், எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். கோடை சீசனில் பர்லியார் தாண்டி இரண்டு மணி நேரம் ஊர்ந்து ஏறினோம். நகர்வது, நிற்பது, நகர்வது. ஒவ்வொரு நகர்வும் அரை கிளட்ச். குன்னூருக்கு முன்னாலேயே சூடு அதிகம் என்று எச்சரிக்கை வந்து, ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் ஆறவிட்டேன். சின்னக் குழந்தை வண்டிக்குள் அழுதுகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் இந்த நாலு வகையும் எனக்கு மனசில் தெளிவாகப் பிரிந்தன.

டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே உராய்கிற கிளட்ச் இல்லை. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுற்ற விட்டால் மற்றதும் சுற்றுமே, அதேதான். காற்றுக்குப் பதில் ஆயில். ஊர்ந்து ஏறும்போது தேய்வதற்கு ஒன்றும் இல்லை, சூடாவது ஆயில் மட்டும், அதை ஆற்றக் கூலர் இருக்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நின்ற இடத்திலிருந்து புறப்படும் அந்தச் சில நொடிகளில் இந்தப் பெட்டி எஞ்சின் இழுவையைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கித் தரும். எனவே 132 என்ற எண்ணை வைத்து அந்த வண்டியைக் குறைத்து எடை போட வேண்டாம். ஐந்து பேரோடு வளைவில் நின்று எடுக்கும்போது அது தன் எண்ணுக்கு மேல் வேலை செய்யும்.

திம்பத்தில் லாரி திரும்ப முடியாமல் மாட்டுவது வழக்கமான காட்சி. அந்த நேரத்துக்கு எது வேண்டும் என்று கேட்டால் என் பதில் டார்க் கன்வெர்ட்டர்தான்.

மயிலைக்காளை (காங்கேயம்)

நல்ல விளக்கம்ங்க. இப்படிப் பெரிய எஞ்சின் போட்ட சின்ன ஆட்டோமேட்டிக் நம் ஊரில் ஏன் அபூர்வம் என்று என் பங்குக்குச் சொல்கிறேன். நான் மலேசியாவில், ஜோகூரில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். அங்கே தெருவுக்குத் தெரு பெரொடுவா மைவி என்ற சின்னக் கார் நிற்கும். 3.9 மீட்டர் நீளம், 1.5 லிட்டர் பெட்ரோல், 2021 வரை நாலு கியர் ஆட்டோமேட்டிக், அப்புறம் சிவிடி. ஆசிரியர், கடைக்காரர், பாட்டி என எல்லாரும் அதைத்தான் ஓட்டுவார்கள். ஊருக்கு வந்து அதேபோல் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை.

காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் நாலு மீட்டருக்கு உட்பட்ட, பெட்ரோல் என்றால் 1200 சிசிக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார்கள். அன்றைக்குப் போட்ட கோடு இன்னும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பெட்ரோல் வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 1201 சிசி ஆகிவிட்டால், வண்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், 40. அதனால்தான் கம்பெனிகள் எஞ்சினைப் பெரிதாக்காமல் டர்போவை மாட்டுகின்றன. 2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1197 சிசிக்குள்ளேயே டர்போ போட்டு 105 பிஎஸ் கொடுத்தது. கோட்டைத் தாண்டித் துணிந்து செய்த ஹேட்ச்பேக்குகள் (டிக்கி தனியாக நீட்டாத சின்னக் கார்கள்) சிலதான். 2009-ல் வந்த பழைய ஐ20 1.4 ஆட்டோமேட்டிக், 2015-ல் வந்த ஃபோர்டு ஃபிகோ 1.5 லிட்டர் 112 பிஎஸ், அப்புறம் தம்பி பார்க்கிற வண்டி. ஃபிகோவில் இருந்தது ஆறு கியர் டூயல் கிளட்ச். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது.

நன்றாகப் பராமரித்த ஒன்று கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து. அந்த மாதிரி ஹேட்ச்பேக்கைப் புதிதாக யாரும் செய்து தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நூல்மில் ரோடு (திருப்பூர்)

பட்டறை அண்ணன் சொன்ன இரண்டு மடங்கு விஷயம் எனக்குப் புதிது. நான் ஓட்டுவது பெரும்பாலும் சமதளம் என்பதால் யோசித்ததில்லை. சரி, திம்பத்துக்கு என் வண்டியைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புதிது எடுப்பதாக இருந்தால் தமிழ்நாட்டு ஆயுள் வரியையும் கணக்கில் எடுங்கள். 2023 நவம்பரில் ஏற்றினார்கள். 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 தாண்டினால் 20 லட்சம் வரை 18. டர்போ ஆட்டோமேட்டிக் அந்தப் பத்து லட்சக் கோட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய வண்டிக்கு ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

அப்பாவைப் பற்றி ஒன்று. என் மாமனாரும் முப்பது வருடம் மேனுவல் ஓட்டியவர். ஆட்டோமேட்டிக்கில் ஏறிய முதல் நாள், பழக்கத்தில் இடது காலால் கிளட்ச் என்று நினைத்து ஓங்கி மிதித்தார். அங்கே இருந்தது பிரேக். பின் சீட்டில் இருந்த மாமியாருக்கு நெற்றியில் அடி. எந்த வயதில் பழகினாலும் இடது காலைச் சீட்டுக்குக் கீழே மடக்கி வைக்கச் சொல்லுங்கள். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் மட்டும். முதல் ஒரு வாரம் உங்கள் களத்திலேயே ஓட்டட்டும், ரோட்டுக்கு வேண்டாம். அறுவை செய்த கால் இடது என்பதால் பழகிவிட்டால் அவருக்குச் சிரமமே இருக்காது.

எழுபது வளைவு (நாமக்கல்)

எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் லாரி ஓட்டிப் பிழைத்தவன். என்னிடம் கேட்டால் இறங்குவதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று என் குரு சொல்லிக் கொடுத்தார். கொல்லிமலையில் 70 வளைவு. காரவள்ளி அடிவாரத்தில் கார்கள் வந்து நிற்கும்போது முன் சக்கரத்திலிருந்து புகை வருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் ஆட்டோமேட்டிக். டி-யில் (டிரைவ்) போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறார்கள். வேகம் கூடக் கூடப் பெட்டி மேல் கியருக்கு மாறிவிடும், எஞ்சின் பிடிப்பு போய்விடும், மொத்தப் பாரமும் பிரேக் மேல் விழும். பேட் காய்ந்து, பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.

பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் கீழ்க்கியரைப் பிடித்து வைக்க வழி உண்டு. வண்டிக்கு வண்டி 2, எல், எஸ், எம் என்று பெயர் மாறும். வாங்குகிற அன்றைக்கே அதைத் தெரிந்துகொள்ளுங்கள். வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு பிரேக்கை முழுசாக விடுங்கள். லேசாக மிதித்தபடியே வரக் கூடாது. எக்காரணம் கொண்டும் நியூட்ரலில் விடாதீர்கள். கீழே வந்ததும் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். அனல் முகத்தில் அடித்தால் நீங்கள் இறக்கிய விதம் தப்பு.

தடப்பள்ளிக்காரன் (கோபி)

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றிங்க. அக்கா, இடது கால் விஷயத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பட்டறை அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் வேறு வந்துவிட்டது. 2017 வண்டிக்கு ஆகுமா?

பட்டறை (ஆவாரம்பாளையம்)

போவதற்கு முன்னால் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆறின எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து (பார்க்கிங்) ஆர் (ரிவர்ஸ்), ஆர்-லிருந்து டி போடுங்கள். ஒரு மெல்லிய தட்டல் இருக்கலாம். தொம்மென்று இடித்தால், இல்லை போட்டு இரண்டு நொடி கழித்துத்தான் பிடிக்கிறது என்றால், அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். சமதளத்தில் டி-யில் பிரேக்கை விட்டால் தானாக நகர வேண்டும். அப்புறம் குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, இதையே திரும்பச் செய்யுங்கள். சூட்டில்தான் குணம் தெரியும்.

கியர் ஆயிலைப் பட்டறையில் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். புதுசு சிவப்பாக இருக்கும். பழுப்பானால் மாற்றினால் போதும். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் கருகியிருக்கின்றன, வேண்டாம். கியர் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள், வாய்ச்சொல் போதாது.

ஈ20 விஷயத்தில், 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளை அதற்கேற்ற ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு செய்கிறார்கள். இது அதற்கு முந்தையது. எத்தனாலுக்குப் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான், அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். ஒவ்வொரு சர்வீசிலும் பெட்ரோல் ஹோஸ், வாஷர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைக்காதீர்கள்.

தடப்பள்ளிக்காரன் (கோபி)

வண்டியை எடுத்துவிட்டோம்ங்க. சொன்னபடி ஆறின எஞ்சினை நானே ஸ்டார்ட் செய்து பார்த்தேன். பி-ஆர்-டி எல்லாம் பட்டு மாதிரி விழுந்தது. கியர் ஆயில் பழுப்பாக இருந்தது, வாடை இல்லை. 30,000 கிலோமீட்டரில் மாற்றியதற்கு ரசீது கொடுத்தார். நான் திரும்ப ஒரு தடவை மாற்றிவிட்டேன்.

அப்பா பத்து நாள் களத்தில் ஓட்டினார். முதல் இரண்டு நாள் இடது கால் தானாக முன்னால் போனது. அம்மா சொன்ன யோசனைப்படி அந்தக் காலுக்குச் செருப்பில்லாமல் உட்கார்ந்தார். வெறும் கால் பெடலைத் தேடினால் உடனே தெரிந்துவிடுகிறதாம்.

போன ஞாயிறு தாளவாடி போனோம். ஐந்து பேர், ஏசி. பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு ஏறினோம். பதினோராவது வளைவுக்கு முன்னால் வரிசை நின்றது. மேலே மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் மாட்டியிருந்தது. நாற்பது நிமிடம் ஊர்ந்தோம். எங்களுக்கு முன்னால் இருந்த காரிலிருந்து கிளட்ச் கருகுகிற வாடை வந்தது, அந்த அண்ணன் இறங்கி பானெட்டைத் திறந்து நின்றார். நான் முன்னால் இடம் விட்டு, பத்தடி சேர்ந்ததும் மட்டும் நகர்த்தினேன். பின்னால் வழுகவே இல்லை. வரிசை கலைந்து மேலே போகும்போது எஞ்சின் நன்றாகவே கத்தியது, திருப்பூர் அக்கா சொன்னது உண்மை. ஆனால் எந்த இடத்திலும் இழுவை அறுபடவில்லை.

ஆசனூரில் டீ குடித்ததும் அப்பா கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அங்கிருந்து தாளவாடி வரை அவர்தான் ஓட்டினார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, "முட்டி வலிக்கல" என்றார்.

இறங்கும்போது நான் எடுத்துக்கொண்டேன். கீழ்க்கியரிலேயே 27 வளைவும் வந்தேன். பண்ணாரியில் இறங்கிச் சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். வெதுவெதுப்புதான். திரும்பி வந்தபோது மைலேஜ் போட்டுப் பார்த்தேன், போக வரச் சேர்த்து லிட்டருக்கு 11.

எழுபது வளைவு (நாமக்கல்)

சந்தோஷம் தம்பி. பிரேக் ஆயில் மாற்றினீர்களா? அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஈரம் சேர்ந்தால் சீக்கிரம் கொதிக்கும். பழைய வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது. அடுத்த தடவை மலை ஏறுவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

தடப்பள்ளிக்காரன் (கோபி)

திங்கட்கிழமையே மாற்றியாச்சுங்க அண்ணா. அப்பா தனியாகக் கோபிக்கு எடுத்துப்போய், பக்கத்திலேயே நின்று மாற்றிக்கொண்டு வந்தார். வருகிற வழியில் சந்தைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார்.